சாரப்பாறைக்குப் பின்னால்

அடிவாரத்தில் காரை நிறுத்தியபோது காலை பத்து மணிகூட ஆகவில்லை. பத்து நாள் மழைக்குப் பிறகு அன்றுதான் வெயில் முகம் காட்டியிருந்தது. பச்சைமலை கழுவித் துடைத்து வைத்ததுபோல் நின்றது. ஊரின் கடைசி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு புளியமரம், அதன் கீழே இரண்டு பைக், ஒரு டிராக்டர். ஒரு பெண் தார்ப்பாயில் சின்ன வெங்காயத்தைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். சாரப்பாறை அருவிக்கு வழி கேட்டேன். ஓடையைப் பிடித்து மேலே போனால் ஒன்றரை மணி நேரம் என்று நிமிராமலே சொன்னாள்.

பயப்படும்படி அங்கே எதுவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவது பட்டப்பகலில் நடந்தது.

நாங்கள் மூன்று பேர். என் பெயர் ஹேமலதா. அரியலூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். என் கணவர் சுதர்சன், ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் லேப்பில் இருக்கிறார். மூன்றாவது ஆள் வளர்மதி. அவளுடைய கணவர் கலைவாணன் அதே ஆலையில் சர்வேயராக இருந்தவர். என் கணவருக்கு அவரைவிட நெருங்கிய நண்பர் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே கார்த்திகை மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் இந்த அருவிக்கு வந்தார்கள். திரும்பி வந்தது ஒருவர்தான்.

அன்று நடந்ததாக என் கணவர் எல்லோரிடமும் சொன்னது இதுதான். அருவிக்குப் பின்னால் பாறையில் ஒரு குடைவு இருக்கிறது. மூன்று மணி வாக்கில் கலைவாணன் அதற்குள் போனார். பாசியில் கால் வழுக்கிப் பின்மண்டை பாறையில் மோதியது. ஒரு சத்தம்கூட இல்லாமல் சரிந்து, பாறை இடுக்கில் போய்ச் சிக்கிக்கொண்டார். தூக்கிப் பார்த்தும் முடியவில்லை. போனில் சிக்னல் இல்லை. ஓடி இறங்கி ஊரைக் கூட்டுவதற்குள் மலையில் மழை பிடித்து ஓடை பெருகிவிட்டது. மறுநாள் மத்தியானம்தான் உடலை எடுத்தார்கள்.

வலியே தெரிஞ்சிருக்காது வளர்மதி, அந்த நிமிஷமே நினைவு போயிடுச்சு. துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவில் என் கணவர் அவளிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இரண்டு வருடத்தைத் தள்ளினாள் என்று எனக்குத் தெரியும். அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவள் என்னிடம்தான் கேட்டாள். வீட்டில் சொன்னபோது என் கணவர் முதலில் முடியாது என்றார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அவராகவே, போகலாம், ஆனால் இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்றார். வளர்மதி தன் மகள் தென்றலைக் கீழப்பழுவூரில் அம்மாயி வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். கையில் ஒரு பையில் கொஞ்சம் ரோஜாப்பூ. குன்னம் தாண்டும்வரை மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். பெரம்பலூரில் இட்லி சாப்பிட்டோம். சுற்றுலா போகிறவர்கள் மாதிரிதான் இருந்தது.

ஏற்றம் அவ்வளவு கடினமில்லை. ஓடையின் ஒரு கரையில் கொஞ்ச தூரம், கல் மேல் கால் வைத்துக் கடந்து மறுகரையில் கொஞ்ச தூரம். இரண்டு பக்கமும் மூங்கில். இலைகளில் தங்கியிருந்த மழைநீர் காற்றடிக்கும்போது தோளில் சொட்டியது. என் கணவர் முன்னால் போனார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தெரியாத வழியில் நடப்பவர்போலத் தரையை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார்.

இரண்டாவது தடவை ஓடையைக் கடந்த இடத்தில் ஒரு ஆள் எதிரே வந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் விளக்குமாற்றுப் புல் கட்டு. எங்களுக்கு வழிவிட ஒதுங்கியவர், என் கணவரைப் பார்த்ததும் கட்டைக் கீழே இறக்கி வைத்தார்.

"சார், என்ன ஞாவகம் இருக்குதா? அமாவாசைங்க. அன்னைக்கு மேல ஏறி அவர எடுத்தாந்தோமே, அந்த ஆளுங்கள்ள நானும் ஒருத்தன்."

என் கணவர் தலையை ஆட்டினார். போகலாம் என்பதுபோலக் கையைக் காட்டினார். ஆனால் அந்த மனிதர் விடவில்லை. ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்ததை இன்றைக்கு விட்டால் சொல்ல முடியாது என்கிற அவசரம் அவர் முகத்தில் இருந்தது.

"மனசு கேக்கல சார், அதான் சொல்றேன். அன்னைக்கு நா இந்த எடத்துலதான் புல்லு அறுத்துக்கிட்டு இருந்தேன். உச்சிப்பொழுதுலேருந்தே மேல சத்தம் கேட்டுச்சு. 'சுதா, சுதா'ன்னு ஒரே கூப்பாடு. டவுன் பயலுவ குடிச்சுட்டு வெளாடுறானுவன்னு நெனச்சுட்டு நா எறங்கிப் போயிட்டேன். ஒரு எட்டு ஏறிப் பாத்திருக்கலாம்." சற்று நிறுத்தினார். "யாரு சார் அந்த சுதா?"

என் கணவரைச் சுதா என்று கூப்பிட்ட ஒரே ஆள் கலைவாணன்தான். நான்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

அமாவாசை எங்கள் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வளர்மதி யார் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்பது மட்டும் புரிந்திருக்க வேண்டும். தண்ணீர் ஓடுகிற மாதத்தில் இப்போதெல்லாம் இதற்கு மேலே தான் ஏறுவதில்லை என்று முணுமுணுத்தபடி கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

திரும்பிவிடலாம், மேகம் கூடுகிறது என்றார் என் கணவர். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

வளர்மதி அவரைத் தாண்டி முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.

அதன் பிறகு அவள் முதலில், அவர் நடுவில், நான் கடைசியில். மூங்கில் முடிந்து வெறும் பாறை தொடங்கியது. வெயில் பாறையில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. அருவியின் இரைச்சல் தூரத்தில், எங்கோ லாரி போவதுபோல, விடாமல் கேட்டது. என் மனம் முழுக்க ஒரே கணக்குத்தான். உச்சிப்பொழுது என்றால் பன்னிரண்டு மணி. இவர் சொன்னது மூன்று மணி. சத்தமே இல்லாமல் சரிந்தவர் எப்படிக் கூப்பிட்டார்?

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

குளித்துவிட்டு ஈரக்காலோடு சிமெண்ட் தரையில் நடந்தால் வருமே, அந்தச் சத்தம். சப்பென்று ஒன்று. கொஞ்சம் இடைவெளி. சப்பென்று இன்னொன்று. நான் நின்றால் அதுவும் நின்றது.

அமாவாசை ஏதோ சொல்லத் திரும்பி வருகிறார் என்று நினைத்துப் பார்த்தேன். யாரும் இல்லை. நான் கடந்து வந்த பாறை வெயிலில் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. அதன் நடுவில், என்னிடமிருந்து நாலடி தூரத்தில், ஒரு ஈரமான காலடி. செருப்பில்லாத கால். ஐந்து விரலும் என்னைப் பார்த்து இருந்தன.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓரத்திலிருந்து காய்ந்து சுருங்கி, கடைசியில் குதிகால் மட்டும் ஒரு ரூபாய் அளவுக்குத் தெரிந்து, அதுவும் மறைந்தது.

நான் கூச்சல் போடவில்லை. வளர்மதிக்கு இதைச் சொல்லக்கூடாது என்பதுதான் முதலில் தோன்றியது. ஓடிப்போய் என் கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னவென்று கேட்கவில்லை. அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. எனக்கு முன்பிருந்தே கேட்டிருக்கிறது. அதனால்தான் அடிவாரத்திலிருந்து அவர் திரும்பியே பார்க்கவில்லை.

சாரப்பாறை ஒரு பனைமரத்தைவிடக் கொஞ்சம் உயரம். மேலிருந்து தண்ணீர் ஒரே விரிப்பாக விழுகிறது. கீழே பச்சை நிறத்தில் ஒரு மடு. மடுவின் இடது ஓரமாக ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குப் பாறை வரம்பு போய்த் தண்ணீருக்குப் பின்னால் மறைகிறது. எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், நல்ல தண்ணீர். ஒருவர்கூட வரவில்லை.

அருவி பக்கத்தில் நின்றால் காதுக்குள் என்னென்னவோ கேட்கும். யாரோ பேசுவதுபோல, குழந்தை அழுவதுபோல. அது எல்லா அருவியிலும் உண்டு. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"சுதா."

வளர்மதி சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"சுதா. கைய குடுடா."

கத்தவில்லை. அருவியின் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமென்றால் கத்தித்தான் ஆக வேண்டும். அந்தக் குரல் கத்தவில்லை. ஆபீஸில் அடுத்த நாற்காலியிலிருந்து பேனா கேட்பதுபோல நிதானமாகக் கேட்டது. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது.

வளர்மதி அழவில்லை. பையிலிருந்து ரோஜாப்பூவை எடுத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வரம்பில் நடக்க ஆரம்பித்தாள். என் கணவர் மடுவின் கரையில் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்ப நேரமில்லை. இவள் விழுந்துவிடுவாள், தென்றலுக்கு அம்மாவும் இல்லாமல் போய்விடும் என்ற பயத்தில் நான் அவள் பின்னால் போனேன்.

தண்ணீர்த் திரைக்குப் பின்னால் ஒரு சமையலறை அளவுக்கு இடம். வெளிச்சம் பச்சையாக, கலங்கலாக இருந்தது. சாரல் கண்ணைத் திறக்கவிடவில்லை. அங்கே ஒரு வாடை. நனைந்த துணியை மூட்டையாகக் கட்டி நாள்கணக்கில் மறந்துவிட்டால் வருமே, அந்த முடை. வளர்மதி உள்ளே இரண்டு பாறைகளுக்கு நடுவிலிருந்த இடுக்கின் முன்னால் குனிந்து பூவை வைப்பது மங்கலாகத் தெரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, போதும் வா என்று சைகை காட்டிக் கையைப் பின்னால் நீட்டியபடி நான் வெளியே திரும்பினேன்.

கை என் கையைப் பிடித்துக்கொண்டது.

பார்த்து வா, வழுக்குது என்று சொல்லிக்கொண்டே இரண்டடி எடுத்து வைத்தேன். கை ஜில்லென்று இருந்தது. தண்ணீருக்குள் நிற்கிறாள், இருக்காதா என்று நினைத்தேன். மூன்றாவது அடியில்தான் விரல்கள் கனமாக இருப்பது தெரிந்தது. நாள் முழுக்கத் துணி துவைத்த கைபோலத் தோல் சுருங்கி, நொதநொதவென்று இருந்தது. வளர்மதியின் கை என் கையைவிடச் சிறியது. இந்தக் கைக்குள் என் கை மூடிப்போயிருந்தது.

தண்ணீர்த் திரையை ஒரு இடத்தில் காற்று விலக்கியது.

வெளியே மடுவின் கரையில் வளர்மதியின் மஞ்சள் துப்பட்டா தெரிந்தது.

அவள் எப்போது என்னைத் தாண்டிப் போனாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன். பிடி இறுகியது. வலிக்கும்படி இல்லை. இந்த முறை விடக்கூடாது என்று இருப்பவனின் பிடி. என் காதருகே ஈர மூச்சு.

"சுதாவா?"

திரும்பாமலே மெதுவாகச் சொன்னேன்.

"இல்லண்ணே. நான் ஹேமா."

கை உடனே விட்டுவிட்டது.

பஸ்ஸில் தெரியாமல் வேற்றுப் பெண்ணின் மேல் கை பட்டுவிட்டால் ஒரு கௌரவமான ஆள் எப்படிப் பதறி எடுப்பாரோ, அப்படி. உயிரோடு இருந்தபோது என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் வீட்டுக்கு வந்தால், நான் எதிரே வரும்போது எழுந்து நின்று வழிவிடுவார். அதே மனிதர்தான். பேயாக இருந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

தவழ்ந்துதான் வெளியே வந்தேன். என் கணவர் என் கையைப் பார்த்தார். மணிக்கட்டுக்குக் கீழே விரல் பதிந்த இடம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். நாங்கள் யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குத்தான் நடந்திருக்கிறது. தலையில் அடிபடவில்லை. கலைவாணனின் கால் அந்த இடுக்கில் முழங்கால்வரை இறங்கிச் சிக்கிக்கொண்டது. இவர் ஒரு மணி நேரம் இழுத்துப் பார்த்தார். மேலே எங்கோ மழை பெய்ய, தண்ணீர் நிறம் மாறிக் கனமாக விழ ஆரம்பித்தது. போய் ஆளைக் கூட்டி வருகிறேன் என்று இவர் எழுந்தார். கலைவாணன் இவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டார். தனியாக விட்டுப் போகாதே, தண்ணீர் ஏறுகிறது, நீ போனால் வர மாட்டாய் என்றார். தண்ணீர் இவருடைய இடுப்புக்கு வந்துவிட்டது.

"விடவே மாட்டேன்னுட்டான் ஹேமா. என்ன பண்ணியும் விடல. கடைசில அவன் கைய கடிச்சுட்டேன்."

பிடி விட்டதும் ஓடி வந்தவர், பாதி வழியில் மூங்கிலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். கீழே போய் ஆள் கூட்டி வந்து, அதுவரை கலைவாணன் பிழைத்திருந்தால், கடித்துவிட்டு ஓடியதை எல்லோரிடமும் சொல்லிவிடுவாரே. மேலே போகவும் பயம், கீழே போகவும் பயம். காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கூப்புட்டுக்கிட்டே இருந்தான். நிறுத்துனப்பொறம்தான் எழுந்து வந்தேன்."

இப்படிப்பட்ட ஒருவரோடு பதினொரு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வளர்மதி பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் கூப்புட்டாருண்ணே?"

"மூணு மணி நேரம் இருக்கும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவள் அடித்திருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கடைக்குப் போய் வரச் சொல்வதுபோல.

"இன்னும் உங்களத்தான் கேக்குறாரு. போயி கைய குடுத்துட்டு வாங்கண்ணே."

என் கணவர் எழுந்தார். வேண்டாங்க என்று நான் சொன்னேன். சொன்னேனே தவிர, எழுந்து போய் அவரைத் தடுக்கவில்லை. வளர்மதி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் சும்மாதான் தொட்டுக்கொண்டிருந்தாள். நான் நினைத்திருந்தால் உதறிவிட்டுப் போயிருக்கலாம்.

அவர் வரம்பில் நடந்து திரைக்குப் பின்னால் போனார்.

இரைச்சல் நின்றுவிட்டது. தண்ணீர் விழுந்துகொண்டேதான் இருந்தது. மடுவில் நுரை கிளம்பிக்கொண்டே இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. என் மூச்சு எனக்குக் கேட்டது. வளர்மதி வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஐந்து நிமிடம் இருக்கும். இரைச்சல் மறுபடியும் வந்து காதில் அறைந்தது. என் கணவர் வெளியே வந்தார்.

உயிரோடுதான் வந்தார். ஒரு காயம் இல்லை. தலைமுதல் கால்வரை நனைந்திருந்தார். ஆனால் அவருடைய வலது கை மட்டும் உடம்போடு வரவில்லை. சற்றுப் பின்னால் நீண்டு, விரல்கள் எதையோ பற்றியதுபோல் மடங்கியிருந்தது. கண் தெரியாதவரைக் கூட்டி வருபவர் அப்படித்தான் நடப்பார்.

வளர்மதி செருப்பை மாட்டிக்கொண்டாள். போகலாம் அக்கா என்றாள்.

இறங்கும்போது நான் முன்னால் நடந்தேன். பின்னால் மூன்று பேர் நடக்கிற சத்தம் கேட்டது. ஓடையைக் கடக்கிற இடங்களில் என் கணவர் ஒரு கல்லில் நின்று, தனக்குப் பின்னால் கால் வைக்க நேரம் கொடுத்து, பிறகு அடுத்த கல்லுக்குப் போனார். குறுகலான இடத்தில் ஒருக்களித்து நின்றார். அவருடைய பற்கள் தந்தி அடித்துக்கொண்டிருந்தன.

காரை நான்தான் ஓட்டினேன். அவர் பின்னால் ஒரு ஜன்னலோரம், வளர்மதி இன்னொரு ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். நடுவில் இடம் விட்டிருந்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். நடு சீட்டின் துணியில் ஈரம் மெல்ல மெல்லப் பரவியது. இரண்டு தொடை அளவுக்கு.

பெரம்பலூர் தாண்டியதும் வளர்மதி ஏசியை நிறுத்தச் சொன்னாள்.

"அவருக்குக் குளுருது."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நிறுத்தினேன். வீடு வந்து சேரும்வரை கண்ணாடியைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு என் கணவரின் வலது கை காயவே இல்லை. துடைத்தால் ஒரு நிமிடம் காய்ந்திருக்கும், மறுபடி உள்ளங்கையில் நீர் கோத்துவிடும். தோல் வெளுத்து, சுருங்கி, உரிந்தது. திருச்சியில் இரண்டு டாக்டர்களிடம் காட்டினோம். நான் மருந்துக்கடைக்காரி, எனக்குத் தெரிந்த களிம்பெல்லாம் போட்டாயிற்று. ராத்திரி அவர் கட்டிலின் ஒரு ஓரத்தில்தான் படுப்பார். நான் அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

போலீஸில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று அவரே ஒருநாள் கிளம்பினார். நான் தடுக்கவில்லை. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. முதலில் வளர்மதியிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று அவள் வீட்டுக்குப் போனோம். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகச் சிரித்தாள்.

"உங்கள உள்ள வச்சிட்டா அவரு எங்கண்ணே போவாரு?"

அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஒரு இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னாள். தென்றலை அன்றைக்கு அம்மாயி வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகவும் சொன்னாள். நாங்கள் மறுக்கவில்லை. மறுக்க எங்களுக்கு என்ன வாய் இருக்கிறது?

ஆகவே வாரா வாரம் மூன்று மணிக்கு நான் அவரைக் கூட்டிப் போவேன். அவர் உள்ளறையில் போய் நாற்காலியில் உட்காருவார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருப்பாள். கதவைச் சாத்திவிடுவாள். நான் வாசலில் ஸ்கூட்டி நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே வளர்மதி பேசுவது கேட்கும். தென்றல் வாங்கிய மார்க்கு, மோட்டார் ரிப்பேர், அவள் அண்ணன் வீட்டுச் சண்டை. நடுநடுவே நிறுத்துவாள். பதில் கேட்பதுபோல. பிறகு, ஆமா, அதுவும் சரிதான் என்பாள். என் கணவரின் குரல் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஐந்து மணிக்கு அவர் வெளியே வரும்போது முகம் சாம்பல் பூத்திருக்கும். என்ன நடந்தது என்று கேட்டால், நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பேன் என்பார்.

போன வாரமும் அப்படித்தான் போனோம். தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நாலு மணிகூட ஆகவில்லை. கதவு திறந்தது. என் கணவர் வெளியே வந்தார். கதவு அவருக்குப் பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வலது கையை என் மடியில் வைத்தார். நான் பயந்து விலகப் பார்த்தேன். பிறகு தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. சூடாக, சொரசொரப்பாக, மனிதக் கையாக இருந்தது.

"விட்டுட்டான் ஹேமா," என்றார். குழந்தைபோல அழுதார்.

எனக்கும் அழுகை வந்தது. எழுந்திருங்க, போயிடலாம் என்று அவரைத் தூக்கினேன். நாங்கள் இரண்டு பேரும் வெளியே நிற்கிறோம். தென்றல் கீழப்பழுவூரில் இருக்கிறாள். உள்ளே வளர்மதியைத் தவிர யாரும் இல்லை. அவள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

ஸ்கூட்டியின் சாவியைத் திருகும்போது அவள் பேச்சு நின்றது.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஆண் குரல். களைப்பாக, வீட்டு ஆள் வீட்டுக்குள் கேட்பதுபோல.

"வளரு, கொஞ்சம் தண்ணி குடு."